சித்தா முதல் ஹிஜாமா வரை: கடைவீதியில் எந்த வாசலில் என்ன கேட்க வேண்டும்?

சென்னையின் பழைய கடைவீதிகளில் மெடிக்கல் ஷாப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு வைத்திய உலகம் நடக்கிறது. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் நாட்டு மருந்துக் கடை, மேல்மாடியில் சித்த மருத்துவர், அடுத்த சந்தில் கேரள ஆயுர்வேத மசாஜ், அதற்கு எதிரில் அக்குபஞ்சர், காலையில் பூங்கா வாசலில் அருகம்புல் சாறு. மொத்த விலைக்கு மூலிகை வேண்டுமென்றால் பூங்கா நகரில் கந்தகோட்டத்தை ஒட்டிய ராசப்ப செட்டித் தெரு. அரசு ஆஸ்பத்திரிதான் வேண்டுமென்றால் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி, யோகா-இயற்கை மருத்துவம் எல்லாம் அங்கே ஒரே வளாகத்தில் உண்டு.

பலகைகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பச்சை நிறம், ஒரு துளசி இலை, 'பக்கவிளைவு இல்லை' என்று ஒரு வரி. சட்டம் மட்டும் ஒவ்வொரு வாசலையும் வேறு மாதிரி பார்க்கிறது. வைத்தியம் பார்ப்பவருக்குப் பதிவு வேண்டும். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தைத் தயாரிப்பவருக்கு உரிமம் வேண்டும். அதை விற்பவருக்கோ, ஆங்கில மருந்துக் கடைக்கு இருப்பதுபோல் மருந்து விற்பனை உரிமம் எதுவும் தேவையில்லை. அக்குபஞ்சருக்குத் தமிழ்நாட்டில் சித்தாவுக்கு இருப்பதுபோலச் சட்டப்படியான பதிவு மன்றம் இல்லை. எந்த வாசலில் யார் பொறுப்பு, எங்கே பொறுப்பு முழுக்க நம் தலையில் விழுகிறது என்பது தெரிந்துவிட்டால் என்ன கேட்க வேண்டும் என்பது தானாக வரும்.

முதலில் மருத்துவர், பிறகுதான் மருந்து

பலர் போகும் வரிசையே தலைகீழ். கடையில் போய் "மூட்டு வலிக்கு என்ன இருக்கு?" என்று கேட்டு வாங்குவது, சரியாகாவிட்டால் வைத்தியரைப் பார்ப்பது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்ததில்லை.

சித்த மருத்துவர் என்றால் பி.எஸ்.எம்.எஸ். பட்டம், ஆயுர்வேதம் பி.ஏ.எம்.எஸ்., யுனானி பி.யு.எம்.எஸ்., ஹோமியோபதி பி.எச்.எம்.எஸ்., இயற்கை மருத்துவம் பி.என்.ஒய்.எஸ். எல்லாமே உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. படித்து முடித்தால் மட்டும் போதாது, பதிவு செய்திருக்க வேண்டும். சித்த மருத்துவருக்குத் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றம், ஆயுர்வேதம், யுனானிக்குத் தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியம், ஹோமியோபதிக்குத் தனி மன்றம். பதிவு எண் பெயர்ப்பலகையிலோ மருந்துச் சீட்டிலோ இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள், பதிவு உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டம் இல்லாத பரம்பரை வைத்தியர்களிலும் பழைய பட்டியலில் பதிவு பெற்றவர்கள் உண்டு, அவர்களுக்கும் எண் உண்டு. "மூன்று தலைமுறையாகப் பார்க்கிறோம்" என்பது எண் ஆகாது. கிளினிக்குக்கும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும். வரவேற்பறைச் சுவரில் தேடுங்கள்.

உள்ளே போனதும் மருத்துவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சித்த மருத்துவத்தில் நோயறிய எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். அதாவது நாடியைப் பிடித்த அரை நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்று அந்த முறையே சொல்லவில்லை. கையைத் தொட்டதும் 'உங்களுக்கு லிவர் கெட்டிருக்கு' என்பவரை விட, பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பவர் பத்து மடங்கு மேல். போகும்போது கையில் இருக்க வேண்டியவை: இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் (பெயரைச் சொல்வதில் பிழை வரும், அட்டையில் வராது), ஆறு மாதத்துக்குள் எடுத்த சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது), ஈரல் பரிசோதனைகள், அலர்ஜி எதற்கு என்ற குறிப்பு. பெண்கள் கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வெளியே வரும்போது சீட்டில் மருந்தின் பெயர், அளவு, துணை மருந்து, எத்தனை நாள், பத்தியம் என்ன, இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். துணை மருந்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடுங்கள் என்றால் சர்க்கரை நோயாளிக்கு அது தினமும் இரண்டு ஸ்பூன் தேன். லேகியம் என்றால் அதில் கணிசமான பங்கு வெல்லமோ கற்கண்டோ தான். "எனக்குச் சுகர் இருக்கு, வெந்நீரில் எடுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலான சூரணங்களுக்கு மாற்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு வாக்கியத்தை மட்டும் எந்த வாசலில் கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம்: "இங்கிலீஷ் மருந்தை எல்லாம் இன்றோடு நிறுத்திடுங்க." இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே, டைப் 1 என்றால் ஓரிரு நாளிலேயே, ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்தாகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். குறைக்க வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்தவரே படிப்படியாகக் குறைக்கட்டும்.

பெயரில்லாப் பொட்டலம்

இந்தத் தெருவின் மிகப் பெரிய ஆபத்து மூலிகையிலிருந்து வருவதில்லை, மூலிகை என்று சொல்லிக் கொடுக்கப்படும் லேபிள் இல்லாத பொடியிலிருந்து வருகிறது. மூட்டு வலி, ஆஸ்துமா, தோல் அரிப்பு இந்த மூன்றுக்கும் இரண்டே நாளில் மாயம்போலக் குணம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்வது அபூர்வம். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த பொடி அப்படி வேலை செய்யும். சாப்பிட்ட சில வாரங்களில் பசி அதிகமாகும், முகம் உப்பி வட்டமாகும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், தோல் லேசாகி இடித்த இடமெல்லாம் கன்றிப்போகும். பொட்டலம் தீர்ந்த மறுநாளே வலி இரண்டு மடங்காகத் திரும்பி வருவதும் ஓர் அடையாளம்.

இங்கே பலரும் செய்வது, விஷயம் தெரிந்ததும் பயந்து சட்டென்று நிறுத்துவது. அதுவும் ஆபத்து. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் உடம்பின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது வரை போகும். மீதிப் பொடியோடு பொது மருத்துவரிடம் போய், 'எத்தனை வாரமாக, ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம்' என்று சொன்னால் அவர் படிப்படியாகக் குறைப்பார்.

முறையான மருந்துப் பாட்டிலில் என்ன இருக்கும்? 'சித்த மருந்து' அல்லது 'ஆயுர்வேத மருந்து' என்ற சொல், சேர்மானங்களின் பட்டியல், தயாரித்தவர் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி. நச்சுச் சரக்கு சேர்ந்திருந்தால் மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் விதிகளில் அந்த நச்சுச் சரக்குகளின் அட்டவணையே உண்டு. சித்த மருந்துப் பகுதியில் எட்டி, குன்றி, சேராங்கொட்டை, நாபி, நேர்வாளம், கலப்பைக்கிழங்கு, அலரி எல்லாம் இருக்கின்றன. பாதரசம், பாஷாணம் சேர்ந்த செந்தூரம், பற்பங்களை (புடமிட்டு எடுக்கும் பொடிகள்) கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடவே கூடாது; சீட்டோடு, சொன்ன நாட்கள் மட்டும்.

இன்னொரு தந்திரத்தைக் கவனியுங்கள். பாட்டிலில் மருந்து உரிம எண்ணுக்குப் பதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கும். அப்படியென்றால் சட்டப்படி அது உணவு. உணவு என்று பதிவு செய்துவிட்டு 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று அட்டையில் போட முடியாது. மருந்தாகவே இருந்தாலும் சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆக, சுவரொட்டியில் 'கேன்சருக்கு கியாரண்டி' என்று போட்டிருப்பவர் சட்டத்தை மீறிக்கொண்டேதான் உங்களை வரவேற்கிறார்.

நம்பிக்கையான தயாரிப்பு வேண்டுமென்றால் அரும்பாக்கத்தில் அரசின் மருந்து நிறுவனமான டாம்ப்கால், திருவான்மியூரில் 1944-இல் தொடங்கிய வைத்தியர் கூட்டுறவுச் சங்கமான இம்ப்காப்ஸ் இரண்டும் எளிதில் கிடைப்பவை.

நாட்டு மருந்துக் கடையில் சரக்கு பார்ப்பது

வாங்கும்போது முதல் விதி: பொடியாக வாங்காதீர்கள், முழுச் சரக்காக வாங்குங்கள். பொடித்த பிறகு எது எதுவென்று கடைக்காரருக்கே தெரியாது. வாசனைச் சரக்குகள் பொடித்த நாள் முதல் எண்ணெய்ச் சத்தை இழக்கத் தொடங்கும். சித்த மருத்துவக் கணக்கில் சூரணத்தின் ஆயுள் மூன்று மாதம், இளகமும் (லேகியம்) நெய்யும் ஆறு மாதம், எண்ணெயும் மாத்திரையும் ஒரு வருடம், குடிநீருக்கு, அதாவது கஷாயத்துக்கு, ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு தடவைக்கு 100 கிராம் போதும். கிலோ விலை மலிவு என்று வாங்கி வைத்தால் மழைக்காலத்தில் வண்டு தின்னும்.

போலி எதில் அதிகம் என்று தெரிந்திருப்பது நல்லது. நன்னாரி கேட்டால் மாகாளிக் கிழங்கைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே மாதிரி மணக்கும். நன்னாரி வேர் மெலிசு, நடுவில் கட்டையான நரம்பு, மேல்தோல் கருஞ்சிவப்பாக வெடிப்போடு இருக்கும்; மாகாளி தடிமன், சதைப்பற்று. சர்பத்துக்கு மாகாளி தப்பில்லை, மருந்துக்குக் கேட்டால் நன்னாரிதான் வேண்டும். அசோகப்பட்டை என்று விற்பதில் பாதையோர நெட்டிலிங்க மரத்தின் பட்டை கலப்பது பழைய கதை. அசோகு என்ற பெயரில் நெட்டிலிங்கத்தை நட்டுப் பழகிய ஊரில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பட்டையாகப் பார்த்து அடையாளம் சொல்வது அனுபவசாலிக்கே சிரமம், அதனால் இதை லேபிள் உள்ள தயாரிப்பாக வாங்குவதே உத்தமம். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மிதக்கும். ஆனால் சொத்தை மிளகும் மிதக்கும், ஆகவே மிதந்ததை எடுத்து நசுக்கி வாயில் வைத்துப் பாருங்கள், காரம் இல்லையென்றால் விதைதான். சுக்கு வெள்ளை வெளேரென்று இருந்தால் சுண்ணாம்பில் புரட்டியது. உடைத்துப் பாருங்கள், உள்ளே நார் தெரிய வேண்டும், மணம் மூக்கில் ஏற வேண்டும்.

கடுக்காயை எடுத்துக் கையில் குலுக்குங்கள். கனமாக இருக்க வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது, தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பார்கள். சுக்கின் மேல்தோலைச் சீவி எறிய வேண்டும், கடுக்காயின் உள்கொட்டையை நீக்க வேண்டும்.

திரிபலா வீட்டில் செய்பவர்கள் கோட்டை விடும் இடமும் இதுதான். கடுக்காய், நெல்லி வற்றல், தான்றிக்காய் மூன்றும் சம எடை என்பது கொட்டை நீக்கிய பிறகு உள்ள எடை. கடையிலேயே 100, 100, 100 என்று நிறுத்து வாங்கி வந்து கொட்டையை எடுத்தால் கணக்கு கோணலாகிவிடும். கடுக்காயும் தான்றியும் தேவையான எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குங்கள். இரும்பு உரலில் தட்டிக் கொட்டையை எடுத்து, சதையை மட்டும் ஒரு நாள் வெயிலில் காய வைத்து, அப்புறம் நிறுங்கள். முழுக் கடுக்காயை மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். அரைவை மில்லுக்குக் கொண்டுபோனால் சீயக்காய் அரைக்கும் இயந்திரத்தில் போட விடாதீர்கள். மிளகாய் அரைத்த இயந்திரம் என்றால் அடுத்த மாதம் முழுக்க திரிபலா காரும். அரைத்ததை மெல்லிய வெள்ளைத் துணியில் சலித்து, ஆறிய பிறகுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இரவில் வெந்நீரில் அரை டீஸ்பூனில் தொடங்கலாம். மறுநாள் பேதியானால் அளவைக் குறைப்பதுதான் வழி.

சேராங்கொட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல கடைகளில் அது மற்ற சரக்கோடு சரக்காகத் திறந்த டப்பாவில் கிடக்கிறது. அதன் பால் பட்ட இடம் கொப்பளிக்கும். வண்ணார் துணியில் அழியாக் குறி போடப் பயன்படுத்தியது அந்தச் சாறுதான். யூடியூப் பார்த்து வீட்டில் நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யும் பொருள் அல்ல. குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

குடிநீர் காய்ச்சும் முறை

நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அல்ல. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு, சம அளவு. ஒன்றிரண்டாக இடித்த சூரணமாக இருக்க வேண்டும், ரவையை விடக் கொஞ்சம் பெரிதாக. மாவுபோல இருந்தால் அடியில் பிடித்துக் கருகும், வடிகட்டவும் முடியாது.

ஓர் ஆளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. தண்ணீர் 240 மில்லி. நான்கில் ஒரு பங்காக, 60 மில்லியாக, வற்ற வேண்டும். கொதிக்கும் பாத்திரத்தில் 60 மில்லியைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பதுதான் சிக்கல். அதற்கு எளிய வழி உண்டு: வெறும் பாத்திரத்தில் முதலில் 60 மில்லி மட்டும் ஊற்றி, ஒரு சுத்தமான குச்சியை நிமிர்த்தி விட்டு, நனைந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு மீதி 180 மில்லியை ஊற்றி, சூரணத்தைப் போட்டு, சிறு தீயில், மூடாமல் கொதிக்க விடுங்கள். அவ்வப்போது குச்சியை விட்டுப் பார்த்தால் போதும். அவசரத்தில் தீயைக் கூட்டினால் தண்ணீர் வற்றிவிடும், சத்து இறங்கியிருக்காது. நிறம் வெளிறி, கசப்பு மேலோட்டமாக இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். எவர்சில்வர் அல்லது மண் சட்டி.

வடிகட்டி, வெதுவெதுப்பாக, மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்து மாலையில் சுட வைப்பது முறையல்ல. வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்சுங்கள். கசப்பு தாளாமல் சர்க்கரை சேர்ப்பவர்கள் பனங்கற்கண்டு ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள் இதைத் தாமாகக் குடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கு அளவை மருத்துவர் சொல்லட்டும். குடிநீர் குடித்துக்கொண்டே காய்ச்சலை எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம்: இரண்டு நாள் தாண்டினால் ரத்தப் பரிசோதனை. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் சிக்கலான கட்டமே தொடங்கும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் கஷாயத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு.

ஆங்கில மருந்தோடு மோதும் சரக்குகள் சில உண்டு. அதிமதுரத்தைத் தினமும் வாரக்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், பி.பி. மாத்திரை, நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள் தொண்டைக்கு ஒரு துண்டு சப்புவதோடு சரி. சிறுகுறிஞ்சான், பாகல் இரண்டும் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் பூண்டு, மஞ்சள், இஞ்சியைச் சமையலில் சேர்ப்பதில் பிரச்சினை இல்லை. கேப்ஸ்யூலாக, செறிவாக எடுப்பதுதான் பிரச்சினை.

எண்ணெய், கிழி, வர்மம்

சித்த மருத்துவத்தில் உடம்பு பிடிப்பதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. கேரள முறை எண்ணெய் மசாஜான அப்யங்கம் வேறு. எந்தப் பெயராக இருந்தாலும் மேசையில் படுக்கும் முன் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்: எண்ணெய் மூடிய பாட்டிலிலிருந்து வருகிறதா, விரிப்பு புதிதா, கிழி மூட்டை (மூலிகையைத் துணியில் கட்டிச் சூடாக ஒத்துவது) உங்களுக்கென்றே கட்டியதா. தாரை ஊற்றும் சட்டியில் அடுத்தவர் தலையில் ஊற்றிய எண்ணெய் கிடந்தால் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போவது சரி. காய்ச்சல், வாந்தி, அஜீரணம் இருக்கும் நாளில் போகக் கூடாது. ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் இருந்தால் அதைப் பிடித்துவிடச் சொல்லவே கூடாது. கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தால், அமுக்கும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். முதலில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது சூடு உறைக்காது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்குக் கிழியின் சூட்டைச் சிகிச்சை செய்பவர் தன் புறங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும், அவர்கள் சொல்லை நம்பக் கூடாது.

உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டும் அழுத்தியும் செய்வது வர்மம். அப்படிப் பலகை வைப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, மொத்தம் 108 என்று ஒப்பிப்பது எளிது. பி.எஸ்.எம்.எஸ். படித்து வர்மம் செய்பவரிடமோ அரசு சித்த மருத்துவமனையின் வர்மப் பிரிவிலோ போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்மம் பார்க்கிறார்கள். கழுத்தை ஒரே வெட்டில் திருப்பி நெட்டி முறிப்பது, முடி திருத்தும் கடையாக இருந்தாலும் மசாஜ் நிலையமாக இருந்தாலும், வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பணம்: 7, 14, 21 நாள் என்று பேக்கேஜ் சொல்வார்கள். முதலில் ஒரு நாளுக்கு மட்டும் கட்டுங்கள். மூன்றாம் நாள் வலி கூடினால் நிறுத்தும் சுதந்திரம் கையில் இருக்க வேண்டும், முழுப் பணமும் கட்டியவருக்கு அது இருக்காது.

ஊசியும் கப்பும்

அக்குபஞ்சரில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஊசி ஒரு முறை பயன்பாட்டுக்கானதா? சீலிட்ட உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும், முடிந்ததும் கெட்டியான வெள்ளை டப்பாவில் போட வேண்டும். கொதிநீரில் கழுவினோம், டெட்டாலில் ஊற வைத்தோம் என்பதெல்லாம் ஹெபடைடிஸ் பி-யைத் தடுக்காது. ஊசி ஏறியதும் மந்தமான கனம், குறுகுறுப்பு இருக்கலாம். மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்றால் உடனே சொல்லுங்கள், நரம்பில் பட்டிருக்கிறது. வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரும். தோள்பட்டை, மார்பு, மேல்முதுகில் போட்ட பிறகு சில மணி நேரத்தில் மூச்சுத் திணறலும் குத்தலும் வந்தால் நுரையீரல் உறையில் காற்று புகுந்திருக்கலாம். வாயு என்று நினைத்துப் படுத்துவிடாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதே பெயரில் ஊசியில்லாமல் விரலால் தொட்டு அனுப்புபவர்களும் உண்டு. தொடுவதால் கெடுதல் இல்லை. கூடவே வரும் 'எல்லா மருந்தையும் விட்டுடுங்க' என்ற அறிவுரைதான் கெடுதல்.

ஹிஜாமா என்பது தோலில் கப்பை வைத்து உறிஞ்சும் யுனானி சிகிச்சை. அதில் உலர் கப், ரத்தம் எடுக்கும் கப் என இரண்டு. உலர் கப்பில் வட்டக் கறை ஒரு வாரம், பத்து நாள் இருக்கும், அவ்வளவுதான். ரத்தம் எடுப்பதென்றால் பிளேடும் கப்பும் இரண்டுமே புதிது, கையுறை, முன்கூட்டியே ஹீமோகுளோபின் பரிசோதனை. ரத்தசோகை உள்ளவர்கள், ரத்தம் உறையாமை மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் செய்துகொள்ளக் கூடாது. பி.யு.எம்.எஸ். படித்தவரிடம் போங்கள்.

ஹோமியோபதியில் மருந்தின் வேலைக்கு அறிவியல் சான்று மிகப் பலவீனம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. போவதென்றால் சீட்டில் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். பெயரே சொல்லாத உருண்டைகளுக்கு மேலே சொன்ன பொட்டல எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

பூங்கா வாசல் சாறு

சாறு வண்டியில் பார்க்க வேண்டியது தண்ணீர். அருகம்புல்லும் வல்லாரையும் தரையோடு வளர்பவை, மண்ணும் கிருமியும் ஒட்டியிருக்கும், பச்சையாக அரைப்பது. கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று கேளுங்கள். காலை 5 மணிக்கு அரைத்ததை 8 மணிக்குக் குடிக்காதீர்கள். சுரைக்காய்ச் சாறு கசந்தால் துப்பிவிட வேண்டும், 'கசப்புதானே மருந்து' என்று விழுங்கக் கூடாது. கசந்த சுரைக்காயில் உள்ள நச்சு குடலில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும், உயிரிழப்பும் நடந்திருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வாழைத்தண்டுச் சாறும் கீரைச் சாறும் பொட்டாசியத்தை ஏற்றும். கல்லுக்கு நல்லது என்று கேள்விப்பட்டுக் குடிப்பவர்கள் முதலில் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளட்டும்.

எதைச் சாப்பிட்ட பிறகும் கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, உடம்பெங்கும் தடிப்பு, மூச்சு முட்டுவது என்று எதுவும் வந்தால் சாப்பிட்டதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மூச்சு முட்டினால் 108. ஸ்டீராய்டு சந்தேகமுள்ள பொடி என்றால் நிறுத்துவதா குறைப்பதா என்பதையும் அங்கேயே முடிவு செய்வார்கள். வீட்டில் பயந்து மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிடுவது வழக்கம், அதைச் செய்யாதீர்கள். பாட்டில், பொட்டலம், சீட்டு, பில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். நச்சு எதுவென்று தெரிந்தால்தான் மாற்று கொடுக்க முடியும். மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளரிடம் புகார் கொடுப்பதென்றாலும் ஆய்வகத்துக்கு அனுப்ப அந்த மிச்சப் பொடிதான் வேண்டும்.